ஏற்காடு சாலைத் தாரில் என்ன இருக்கிறது? மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி காட்டுவதும் காட்டாததும்

சேலத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. ஏற்காடு மலைப்பாதையில் அடிவாரத்தில் போட்ட தாரும் மேலே போட்ட தாரும் ஒரே மாதிரி பழசாகின்றனவா என்று அவர் புராஜெக்ட் செய்கிறார். தாரைக் கரைத்து ஜிசி-எம்எஸ்ஸில் (கலவையை ஆவியாக்கிப் பிரித்து, பிரிந்தவற்றின் நிறையை அளக்கும் கருவி) விட்டால் தனித்தனிச் சேர்மங்களைக் காட்டும் பீக்குகளே இல்லாமல் ஒரு பெரிய மேடு மட்டும் வருகிறது. அதில் உள்ள மூலக்கூறுகளின் பட்டியலை எடுக்க எந்தக் கருவி வேண்டும், சூளைகளில் எரிக்கும் ஃபர்னஸ் ஆயிலுக்கும் அதே முறை பொருந்துமா என்று கேட்கிறார்.

முதலில் நேரடியான பதில். மூலக்கூறுகளின் பட்டியல் எந்தக் கருவியிலும் வராது. உயர் பிரிதிறன் கொண்ட மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் தருவது மூலக்கூறு வாய்பாடுகளின் பட்டியல், அதாவது எந்த அணு எத்தனை என்ற கணக்கு மட்டும். அந்தப் பட்டியலும் தாரில் இருப்பது முழுவதையும் சொல்லாது. நீங்கள் தேர்ந்தெடுத்த முறையில் எவை மின்னூட்டம் பெற்று அயனியாயினவோ அவற்றை மட்டுமே சொல்லும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் புராஜெக்டைத் திட்டமிட வேண்டும். கருவியின் பெயர் அதற்கு அப்புறம்தான்.

அந்த மேடு ஏன் வருகிறது என்று பார்ப்போம். பிட்டுமன் என்பது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து, பிறகு வெற்றிடத்திலும் வடித்து, கடைசியில் மிஞ்சும் வண்டல். அதன் பெரும்பகுதி சாதாரண அழுத்தத்தில் 540 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்கும். நம் கல்லூரிகளில் இருக்கும் ஜிசி காலம் (சேர்மங்களைப் பிரிக்கும் நீண்ட குழாய், column) 325 அல்லது 350 டிகிரி வரைதான் தாங்கும். ஆகவே உங்கள் தாரில் முக்கால்வாசிக்கு மேல் காலத்தைக் கடக்கவே இல்லை. மாதிரியைச் செலுத்தும் இன்ஜெக்டரிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. (அதற்குள் இருக்கும் கண்ணாடிக் குழாயான லைனரை உடனே மாற்றச் சொல்லுங்கள், அடுத்தவர் சாம்பிள் கெடும்.) கடந்து வந்த லேசான பகுதியிலும் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. அதுதான் மேடு. நிலக்கரித் தார் வேறு ரகம். கோக் உலையில் கிடைக்கும் அதை ஜிசி-எம்எஸ்ஸில் விட்டால் நாஃப்தலீன், ஃபினாந்த்ரீன், பைரீன் என்று தனித்தனி பீக்குகள் தெரியும். உங்களுக்கு அப்படி வரவில்லை என்றால் கையில் இருப்பது பெட்ரோலிய பிட்டுமன்தான் என்று ஓரளவு உறுதி. இந்த அளவுக்கு ஜிசி-எம்எஸ் உங்களுக்கு உதவிவிட்டது.

பட்டியல் ஏன் வராது என்பதற்கு ஒரு கணக்கு போதும். கார்பன் 25, ஹைட்ரஜன் 52 உள்ள சாதாரண பாரஃபினை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரே வாய்பாட்டுக்கு 3,67,97,588 வெவ்வேறு கட்டமைப்புகள் சாத்தியம். கார்பன் 30க்குப் போனால் 411 கோடியைத் தாண்டிவிடும். வளையங்கள், கந்தகம், நைட்ரஜன் எல்லாம் சேர்ந்த, கார்பன் 50, 60 உள்ள தார் மூலக்கூறுக்கு எத்தனை ஐசோமர்கள் (ஒரே வாய்பாடு, வேறு கட்டமைப்பு) என்று எண்ணிப் பார்க்கவே வேண்டாம். நிறையை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் ஐசோமர்கள் எல்லாம் ஒரே நிறைதான்.

ஆனால் வாய்பாடுகளே பெரிய செல்வம். கனமான பெட்ரோலிய மாதிரி ஒன்றிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாய்பாடுகளைப் பிரித்தெடுத்த ஆய்வுகள் வந்துவிட்டன. மனிதர்கள் பகுத்துப் பார்த்த கலவைகளில் இவ்வளவு சிக்கலானவை மிகச் சிலவே. நம் காலடியில் சாலையாகக் கிடக்கும் ஒன்று அது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இனி பிரிதிறன். பீக்கின் நிறையை அதன் அகலத்தால் வகுத்தால் வரும் எண் இது; எண் பெரிதானால் நெருங்கிய நிறைகளும் பிரிந்து தெரியும். இதை எண்களோடு பார்த்தால்தான் புரியும். கார்பன் 23, ஹைட்ரஜன் 20 உள்ள ஒரு ஹைட்ரோகார்பனின் நிறை 296.1565 டால்டன் (அணு நிறையின் அலகு). கார்பன் 20, ஹைட்ரஜன் 24, ஒரு கந்தகம் உள்ள சேர்மத்தின் நிறை 296.1599. மூன்று கார்பனை எடுத்துவிட்டு ஒரு கந்தகத்தையும் நான்கு ஹைட்ரஜனையும் வைத்தால் நிறை மாறுவது வெறும் 0.0034 டால்டன், அதாவது 3.4 மில்லி டால்டன்தான். கந்தகம் நிறைந்த எண்ணெயில் இந்த ஜோடி ஸ்பெக்ட்ரம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். நிறை 500ல் இதைப் பிரிப்பது, லீ பஜாரில் 500 கிலோ மூட்டை ஏற்றிய வண்டியை எடை போட்டு 3.4 கிராம் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதற்குச் சமம். அதற்குக் குறைந்தது ஒன்றரை லட்சம் பிரிதிறன் வேண்டும்; இரண்டு பீக்குகளின் உயரமும் ஏறுக்குமாறாக இருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும்.

க்யூ-டாஃப் என்ற சாதாரண மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் பிரிதிறன் 40,000 என்று வையுங்கள். நிறை 500ல் ஒரு பீக்கின் அகலமே 12.5 மில்லி டால்டன். ஒரு ஆக்சிஜனுக்கும் ஒரு மீத்தேனுக்கும் உள்ள 36 மில்லி டால்டன் வித்தியாசத்தை அது அழகாகப் பிரிக்கும். 3.4ஐப் பிரிக்கவே பிரிக்காது. மென்பொருள் மட்டும் தயங்காமல் ஏதாவது ஒரு வாய்பாட்டை எழுதிக் கொடுத்துவிடும். அப்படி வந்த வாய்பாட்டை ஆய்வேட்டில் போடாதீர்கள்.

இதற்கென்றே அமைந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எஃப்டி-ஐசிஆர். 1974ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மெல்வின் கோமிசரோவும் ஆலன் மார்ஷலும் உருவாக்கியது. வலுவான காந்தப்புலத்தில் அயனிகள் வட்டமடிக்கும். எத்தனை வேகமாகச் சுற்றுகின்றன என்பது நிறையைச் சார்ந்தது. கருவி நிறையை நேரடியாக அளப்பதில்லை, அந்தச் சுற்றின் அதிர்வெண்ணை அளக்கிறது. இயற்பியலில் அதிர்வெண்ணைப் போல் துல்லியமாக அளக்கக்கூடியது வேறெதுவும் இல்லை. இந்தக் கருவியின் பலம் அதில்தான் இருக்கிறது. 7 டெஸ்லா காந்தத்தில், ஒற்றை மின்னூட்டமுள்ள நிறை 500 அயனி வினாடிக்கு ஏறக்குறைய 2,15,000 முறை சுற்றும். ஒரு வினாடி கேட்டுக்கொண்டிருந்தால் பிரிதிறன் சுமார் ஒரு லட்சம், மூன்று வினாடி கேட்டால் மூன்று லட்சம். காந்தம் வலுவானால் இன்னும் கூடும். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், டல்லஹாசி நகரத்தில் உள்ள தேசிய உயர் காந்தப்புல ஆய்வகத்தில் 21 டெஸ்லா கருவி இருக்கிறது. மார்ஷலும் ரயன் ராட்ஜர்ஸும் அங்கே பெட்ரோலியோமிக்ஸ் என்ற துறையையே வளர்த்தெடுத்தார்கள்.

ஆர்பிட்ராப் என்ற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் நல்ல மாற்று. நிறை 200ல் ஐந்து லட்சம் பிரிதிறன் உள்ள மாடல், நிறை 500ல் சுமார் மூன்று லட்சம் தரும். விளம்பரத்தில் போடும் எண் எந்த நிறைக்கு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இனி வருவதுதான் என் பதிலின் மையம். கருவியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அயனியாக்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அயனியாகாத மூலக்கூறு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு இல்லாத மூலக்கூறு. கரைசலை மின்னழுத்தத்தில் தெளித்து அயனியாக்கும் எலக்ட்ரோஸ்ப்ரேயை பாசிட்டிவ் முறையில் வைத்தால் பிரிடின் போன்ற காரத்தன்மை உள்ள நைட்ரஜன் சேர்மங்கள் முன்னால் வந்து நிற்கும். தாரில் மொத்த நைட்ரஜனே பெரும்பாலும் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். ஆனால் ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்தால் தார் முழுக்க நைட்ரஜன் என்றே தோன்றும். நெகட்டிவ் முறையில் வைத்தால் நாஃப்தனிக் அமிலங்களும் கார்பசோல் வகைகளும் வரும். தயோஃபீன் வகைக் கந்தகச் சேர்மங்கள், நைட்ரஜனோ ஆக்சிஜனோ இல்லாத அரோமாட்டிக்குகள் இரண்டிலுமே ஏறக்குறையத் தெரியாது.

அவற்றைப் பார்க்க ஏபிபிஐ என்ற ஒளி அயனியாக்கம் வேண்டும். கிரிப்டான் விளக்கின் புற ஊதா ஒளி டொலுவீனை அயனியாக்கும், டொலுவீன் மின்னூட்டத்தைத் தார் மூலக்கூறுகளுக்குக் கைமாற்றும். அரோமாட்டிக்குகளும் தயோஃபீன்களும் நன்றாக வரும். அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரே சேர்மம் எலக்ட்ரானை இழந்த அயனியாகவும் புரோட்டான் சேர்ந்த அயனியாகவும் இரண்டு விதமாக வரும். முதலாவதின் கார்பன்-13 ஐசோடோப்பும் இரண்டாவதும் 4.5 மில்லி டால்டன் இடைவெளியில் அடுத்தடுத்து நிற்கும். அதாவது ஏபிபிஐயைத் தேர்ந்தெடுத்த கணமே, குறைந்த பிரிதிறன் கருவியை மறந்துவிட வேண்டும். நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்கள் இதிலும் சரியாக வராது. அவற்றுக்கு ஃபீல்டு டிசார்ப்ஷன் போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. உங்கள் புராஜெக்டுக்கு அவை தேவையில்லை.

இதனால்தான் பீக்கின் உயரத்தை அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உங்கள் கேள்வியிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. தார் காற்றில் பழசாகும்போது சல்ஃபைடுகள் சல்ஃபாக்சைடுகளாகும், பென்சீன் வளையத்தை ஒட்டிய கார்பன்கள் கீட்டோன்களாகும், கொஞ்சம் கார்பாக்சிலிக் அமிலமும் உண்டாகும். சல்ஃபாக்சைடு எளிதில் புரோட்டான் ஏற்கும். ஆகவே கொஞ்சம் சல்ஃபாக்சைடு உண்டானாலும் பாசிட்டிவ் எலக்ட்ரோஸ்ப்ரேயில் ஒரு கந்தகம், ஒரு ஆக்சிஜன் உள்ள வகை திடீரென்று பெரிதாகத் தெரியும். மலையடிவாரத் தாரில் அந்த வகை மூன்று மடங்கு தெரிந்தால் அங்கே ஆக்சிஜனேற்றம் மூன்று மடங்கு என்று எழுதிவிட முடியாது. எஃப்டிஐஆரில் (அகச்சிவப்பு ஒளி உறிஞ்சப்படுவதை அளக்கும் கருவி) அலை எண் 1030ஐ ஒட்டிய சல்ஃபாக்சைடு பட்டையையும் 1700ஐ ஒட்டிய கார்பனைல் பட்டையையும் அளந்து பக்கத்தில் வைக்க வேண்டும். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை. இந்தப் பக்கத்து ஜல்லியும் அந்த மாதிரி சிலிகேட் கல்தான். அதன் தூள் கொஞ்சம் கரைசலில் தங்கினாலும் 1000க்கும் 1100க்கும் இடையில் பரந்த பட்டையாக வந்து சல்ஃபாக்சைடை மூடிவிடும். நன்றாக சென்ட்ரிஃபியூஜ் செய்து, வடிகட்டி, பிறகுதான் அளக்க வேண்டும்.

தரவு கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது கெண்ட்ரிக் கணக்கு. எட்வர்ட் கெண்ட்ரிக் 1963ல் சொன்ன எளிய வழி. பெட்ரோலிய மூலக்கூறுகள் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன் என்ற படியில் நீண்டுகொண்டே போகும். அந்தப் படியின் நிறை 14.01565, அதைச் சரியாக 14 என்று வைத்து எல்லா நிறைகளையும் மாற்றி எழுத வேண்டும். டைபென்சோதயோஃபீனின் நிறை 184.0347, மாற்றினால் 183.8292. அதில் ஒரு மெத்தில் சேர்ந்தது 198.0503, மாற்றினால் 197.8292. தசமப் பகுதி இரண்டிலும் ஒன்றே. பக்கச் சங்கிலி எவ்வளவு நீண்டாலும் அந்த 0.8292 மாறாது. ஆயிரக்கணக்கான பீக்குகள் நேர்கோடுகளாக வரிசையில் வந்து நிற்பதைத் திரையில் பார்க்கும் அனுபவத்துக்காகவே இதை ஒருமுறை எக்செல்லில் கையால் செய்து பாருங்கள் என்பேன். மென்பொருளை அப்புறம் நம்பிக்கொள்ளலாம்.

அடுத்து டிபிஇ, அதாவது வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்ந்த எண்ணிக்கை. கார்பன் எண்ணிக்கையிலிருந்து ஹைட்ரஜனில் பாதியைக் கழித்து, நைட்ரஜனில் பாதியைக் கூட்டி, ஒன்றைச் சேர்த்தால் வரும். பென்சீனுக்கு 4, நாஃப்தலீனுக்கு 7, டைபென்சோதயோஃபீனுக்கு 9. ஒவ்வொரு வேதிவகைக்கும் கார்பன் எண்ணிக்கையை ஒரு அச்சிலும் டிபிஇயை மறு அச்சிலும் வைத்து வரைந்தால், மாதிரியின் முகமே தெரிந்துவிடும். தட்டையான அரோமாட்டிக்குகளுக்கு டிபிஇ, கார்பன் எண்ணிக்கையின் 0.9 மடங்கைத் தாண்டாது. உங்கள் பட்டியலில் அதைத் தாண்டும் வாய்பாடுகள் நிறைய இருந்தால் வாய்பாடு போட்டதில் தவறு என்று பொருள்.

அஸ்பால்டீன் பற்றியும் சொல்லியாக வேண்டும், தாரின் குணத்தைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஹெப்டேனில் கரையாமல் டொலுவீனில் கரையும் பகுதி அது. இதன் மூலக்கூறு எடை பல ஆயிரம், சில அளவீடுகளில் பத்தாயிரங்கள் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆவியழுத்த முறையில் அளந்தபோது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டிகளாக இருந்தன. கட்டியின் எடையை மூலக்கூறின் எடை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆலிவர் மல்லின்ஸ் குழுவினரின் ஒளிர்வு அளவீடுகளும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியும் சேர்ந்து அதை 750 டால்டனை ஒட்டிய அளவுக்கு இறக்கின. ஒரே பெரிய அரோமாட்டிக் தட்டைச் சுற்றி வால்கள் கொண்ட அமைப்பா, சிறிய தட்டுகள் சங்கிலியால் இணைந்த அமைப்பா என்ற விவாதம் அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. இரண்டும் உண்டு, எண்ணெய்க்கு எண்ணெய் விகிதம் மாறுகிறது என்பதுதான் இப்போது வலுவாக நிற்கும் பார்வை. உங்களுக்கு இதில் நடைமுறைப் பாடம் ஒன்று இருக்கிறது: லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவிலேயே அஸ்பால்டீன் ஒட்டத் தொடங்கிவிடும். கரைசலை நீர்க்க வையுங்கள், செறிவை மாற்றி இரண்டு மூன்று முறை ஓட்டி, நிறைப் பரவல் மாறுகிறதா என்று பாருங்கள்.

இனி உங்கள் சாம்பிள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1500 மீட்டரில். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே கோடை வெயில் 40 டிகிரியை எட்டும், மேலே 30ஐ ஒட்டி நிற்கும். ஒப்பிடுவதற்கு அருமையான இடம்தான். ஆனால் கீழும் மேலும் ஒரே ஆலையின் ஒரே பேட்ச் தார் போட்டிருந்தால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. வெவ்வேறு கச்சா எண்ணெயிலிருந்து வந்த தார் என்றால் நீங்கள் பார்க்கும் வித்தியாசம் வயதால் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்று எந்தக் கருவியும் சொல்லாது. நெடுஞ்சாலைத் துறையில் அனுமதி கேட்கும்போதே எந்த ஆண்டு போட்டது, எந்த கிரேடு, வி.ஜி.-30ஆ வேறா, கழிவு பிளாஸ்டிக் கலந்ததா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கலந்த சாலைகள் நிறைய உண்டு. அந்த முறையை உருவாக்கியவர் மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். அப்படிப்பட்ட சாலையின் ஸ்பெக்ட்ரத்தைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஆக்சிஜனேற்றம் மேற்பரப்பில்தான் அதிகம். சாலையைத் துளைத்து உருளைத் துண்டாகக் கோர் எடுத்தால் மேலே உள்ள சில மில்லிமீட்டரைத் தனியாகவும் அடிப்பகுதியைத் தனியாகவும் வெட்டிக் கரையுங்கள். ஒரே கோரில் மேலும் கீழும் ஒரே பேட்ச் என்பதால், என் பார்வையில் அடிவாரம்-மலை ஒப்பீட்டைவிட இதுதான் உறுதியான முடிவைத் தரும். கூடவே புதிய தாரை ஆய்வகத்தில் பழசாக்கி வையுங்கள்: சுழலும் மென்படல அடுப்பில் 163 டிகிரியில் 85 நிமிடம், பிறகு அழுத்தக் கலனில் 20 மணி நேரம். சாலைத் தார் அந்தப் பாதையில் எங்கே நிற்கிறது என்று அப்போது சொல்ல முடியும்.

கரைக்க டைகுளோரோமீத்தேன் போதும். டிஹெச்எஃப் என்ற கரைப்பான் வேண்டாம், அதில் பெராக்சைடு சேர்ந்திருந்தால் சல்ஃபைடை அதுவே சல்ஃபாக்சைடாக்கிவிடும், நீங்கள் வெயிலின் மேல் பழி போடுவீர்கள். கரைப்பானை நைட்ரஜன் ஊதி, சூடு படாமல், வெளிச்சம் படாமல் நீக்குங்கள். மாதிரியைப் பிளாஸ்டிக் டப்பாவில் போடாதீர்கள். பாசிட்டிவ் முறையில் 391.284லும் 413.266லும் உயரமான பீக் வந்தால் அது பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட். நெகட்டிவ் முறையில் 255.233, 283.264 வந்தால் பால்மிடிக், ஸ்டியரிக் அமிலங்கள். விரலிலிருந்தும் சரியாகக் கழுவாத கண்ணாடியிலிருந்தும் வருபவை. இவற்றைத் தாரின் அமிலங்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஃபர்னஸ் ஆயிலுக்கும் இதே வேதியியல் பொருந்தும், ஆனால் கேள்வி வேறு. மேக்னசைட் சூளை நடத்துபவருக்குக் கவலை வனேடியம். எண்ணெயில் அது போர்ஃபிரின் வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும். இந்தப் போர்ஃபிரின்களை 1930களில் கண்டறிந்த ஆல்ஃபிரெட் ட்ரெய்ப்ஸ், அவை பச்சையத்திலிருந்து வந்தவை என்று காட்டினார். பெட்ரோலியம் உயிர்களிலிருந்து வந்தது என்பதற்கு அது வலுவான சான்றானது. நிறை 541ல் தொடங்கி அக்கம்பக்கத்தில் 14 இடைவெளியில் வனேடில் போர்ஃபிரின்கள் வரிசையாகத் தெரியும். எரிந்த பிறகு அந்த வனேடியம் பென்டாக்சைடாகும். அது ஏறக்குறைய 690 டிகிரியில் உருகும், சோடியம் சேர்ந்தால் இன்னும் கீழே. உருகியது சூளையின் செங்கல்லையும் உலோகத்தையும் அரிக்கும். ஆனால் சூளைக்காரருக்கு வேண்டியது மொத்த வனேடியமும் மொத்த சோடியமும் எவ்வளவு என்பதுதான். அதற்குத் தனிமங்களின் மொத்த அளவைத் தரும் ஐசிபி அளவீடு போதும், செலவும் குறைவு. போர்ஃபிரினாகத் தெரிவது மொத்த வனேடியத்தில் ஒரு பகுதி மட்டுமே என்பதால், இந்தக் கேள்விக்கு எஃப்டி-ஐசிஆரைவிட அதுவே சரியான விடையும் தரும்.

செலவு என்றதும் நினைவுக்கு வருகிறது. சேலத்திலிருந்து சென்னை ஐஐடியின் சாய்ஃப் என்ற பகுப்பாய்வுக் கருவி மையத்துக்கு வெளி மாதிரிகளைக் கட்டணத்தோடு அனுப்பலாம். பெட்ரோலியத்துக்கென்றே டேராடூனில் சிஎஸ்ஐஆரின் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. டல்லஹாசி ஆய்வகமும் வெளியாட்களின் ஆய்வுத் திட்டம் தேர்வானால் காந்த நேரத்தை இலவசமாகவே தருகிறது. உங்கள் வழிகாட்டி விண்ணப்பிக்கலாம். இவையெல்லாம் கூடிவரும் வரை க்யூ-டாஃப் மட்டுமே கையில் இருந்தால், கேள்வியைச் சுருக்குங்கள்: நெகட்டிவ் எலக்ட்ரோஸ்ப்ரேயில் இரண்டு ஆக்சிஜன் உள்ள அமிலங்களை மட்டும், நிறை 500க்குக் கீழே மட்டும், முதலில் பிரிப்புக் குழாயில் (column) அமிலப் பகுதியைப் பிரித்துவிட்டுப் பாருங்கள். அந்த எல்லைக்குள் அந்தக் கருவி நம்பத்தக்கது, ஆக்சிஜனேற்றத்தைப் பற்றி உண்மையான ஒரு சேதியும் தரும்.

எங்கே ஓட்டினாலும், உங்கள் தாருக்கு முன்னால் வெறும் கரைப்பானையும், தார் இல்லாமல் அதே படிகளையெல்லாம் கடந்து வந்த வெற்று மாதிரியையும் ஓட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டு ஸ்பெக்ட்ரங்களின் மூலக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.